இடது கையெழுத்து

மைசூர்
12-8-1934

அண்ணாவுக்கு சுந்தா நமஸ்காரம். எல்லோரும் க்ஷேமம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். இந்தத் தடவை அப்படி எழுத மனசு வரவில்லை.

எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதே. இடது கையால் எழுதுகிறேன். போன மாசம் குளிர் ஜுரத்துக்கு டாக்டர் வலது புஜத்தில் கொயினா ஊசி போட்டார். ஊசி இறங்கும்போதே விரல் நுனிவரை நெருப்பாய் எரிந்தது. கத்தினேன். "அசையாதீங்கம்மா" என்று அதட்டிவிட்டு மருந்து முழுவதையும் ஏற்றினார். அன்று தொங்கின மணிக்கட்டு இன்னும் நிமிரவில்லை. வேறொரு டாக்டரிடம் காட்டினோம். "நரம்பிலே குத்தியிருக்கார். நான் சொன்னதா வெளியிலே சொல்லாதீங்கோ" என்றார்.

இடது கையால் பரிமாறினால் யார் சாப்பிடுவார்? சமையலுக்கு ஆள் வைத்தாயிற்று. "ராசியில்லாதவளைப் பிறந்தாத்துக்கு அனுப்பிட்டு அவனுக்கு வேற பொண்ணு பாக்கலாம்" என்று மாமியார் என் காதுபடவே சொல்கிறார். குழந்தை அன்னத்தை என்னோடு விடமாட்டார்களாம்.

இது டாக்டர் செய்த தப்பு என்று கோர்ட்டார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்னை யாரும் ராசியில்லாதவள் என்று தள்ளமுடியாது. இவரிடம் கேட்டேன். அந்த டாக்டர்தான் இவருடைய மேலதிகாரி வீட்டுக்கும் வைத்தியர். "மூச்சு விடாதே. வேலை போயிடுத்துன்னா நடுத்தெருதான்" என்றார்.

நீ வக்கீல். உன்னை விட்டால் எனக்கு யார்? நான் இப்படி எழுதப் பழகினது இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எதிர்வீட்டு சென்னம்மாதான் தபாலில் சேர்க்கிறாள். பதிலையும் அவள் பேருக்கே போடு.

சுந்தா


கொள்ளேகால்
17-8-1934

சௌபாக்கியவதி சுந்தாவுக்கு ஆசீர்வாதம். உன் கடிதத்தைப் படித்து உன் மன்னி அழுதாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

நாங்கள் இருப்பது இங்கிலீஷ்காரன் ராஜ்யம். மைசூர் சமஸ்தானக் கோர்ட்டில் நான் எழுந்து நின்று பேச முடியாது. அதனால் என்ன? அங்கேயே நல்ல வக்கீலாகப் பிடித்து, அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஒன்று மட்டும் நினைவில் வை. யார் என்ன காகிதம் நீட்டினாலும் பெருவிரல் ரேகை வைத்துவிடாதே. எழுதத் தெரிந்தவள் எதற்கு ரேகை வைக்கவேண்டும்?

எங்கள் பெண் விசாலத்துக்கு மைசூரிலேயே வரன் திகைந்திருக்கிறது. ஐப்பசியில் கல்யாணம். அதற்கு முன்னால் உன் காரியமாக வந்துவிடுகிறேன். தைரியமாக இரு, நான் இருக்கிறேன்.

ஸ்ரீகண்டன்


மைசூர்
2-9-1934

அண்ணாவுக்கு நமஸ்காரம். விசாலத்தின் கல்யாணச் செய்தி ஒன்றுதான் இந்த மாசம் என் காதில் விழுந்த நல்ல வார்த்தை.

நீ எப்போது வருகிறாய்? டாக்டரின் கம்பவுண்டர் தினமும் எங்கள் வாசலில் வந்து நிற்கிறான். அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். நேற்று ஒரு காகிதம் கொண்டுவந்தான். நான் கொல்லையில் வழுக்கி விழுந்து கை போயிற்று, டாக்டர் மேல் குற்றமில்லை என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. இவர் மைப்பெட்டியை நீட்டி, "ரேகை வெச்சுடு" என்றார். தலையைச் சுற்றுகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லித் தப்பினேன். எத்தனை நாள் இப்படிச் சொல்ல முடியும்?

அன்னம் என்னைப் பார்த்துத் தானும் இடது கையால் சாதம் பிசைந்தாள். மாமியார் அகப்பைக் காம்பால் அந்தக் கையிலேயே போட்டார். குழந்தை அழவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். சீக்கிரம் வா அண்ணா.

சுந்தா


கொள்ளேகால்
15-9-1934

சுந்தாவுக்கு ஆசீர்வாதம். எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

சம்பந்தி வந்திருந்தார். அந்த டாக்டர், மாப்பிள்ளைக்குச் சொந்தத் தாய்மாமன் என்று இப்போதுதான் தெரிந்தது. நீ ரேகை வைக்காமல் நாள் கடத்துவதை அவர் சம்பந்தியிடம் சொல்லியிருக்கிறார். "உங்க தங்கை கோர்ட்டு கச்சேரின்னு போனா, இந்தக் கல்யாணம் எப்படி நடக்கும்?" என்று காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டார். ஊரெல்லாம் அழைத்தாகிவிட்டது. இப்போது நின்றால் விசாலத்தை நாளைக்கு யார் கட்டுவார்?

கோபித்துக்கொள்ளாதே. ரேகை வைத்துவிடு. டாக்டர் மூலமாகச் சொல்லி, உன்னை வீட்டைவிட்டு அனுப்பாதபடி பார்த்துக்கொள்வதாகச் சம்பந்தி வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் பெண்ணைப் பெற்றவன், சுந்தா. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

ஸ்ரீகண்டன்


மைசூர்
24-9-1934

அண்ணாவுக்கு நமஸ்காரம். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. துண்டுகளை ஒட்டவைத்துப் படித்துவிடுவார்கள் என்று அடுப்பில் போட்டேன்.

நானும் பெண்ணைப் பெற்றவள்தான். அன்னம் இப்போதெல்லாம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

சென்னம்மா என்னை லிங்கப்பன் என்கிற வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனாள். "ஹெதரபேடி அக்கா, பயப்படாதீங்க" என்று வழியெல்லாம் சொன்னாள். என்னைப் பிடித்திருந்த அவள் கையும் சில்லென்றுதான் இருந்தது. வக்கீல் எல்லாவற்றையும் கேட்டார். "தோத்தாலும் தோத்துடுவோம். பெரிய மனுஷங்க விஷயம்" என்று சொல்லி, என் கையைப் பார்த்துவிட்டு வக்காலத்துக் காகிதத்தோடு மைப்பெட்டியையும் என் பக்கம் தள்ளினார். நான் பேனா கேட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் நானே சொல்லிவிட்டேன். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமியார் என் பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்துவிட்டார். அன்னம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறாள். நாளைக்கு எங்கே இருப்பேனோ தெரியாது. பயம் கொஞ்சமும் போகவில்லை, அண்ணா.

விசாலத்தின் கல்யாணம் நன்றாக நடக்கட்டும். நான் வரமாட்டேன். இந்தக் கையால் மஞ்சள் குங்குமம் கொடுத்தால் யார் வாங்கிக்கொள்வார்? இதோடு இன்னொரு காகிதம் வைத்திருக்கிறேன். அதைச் சம்பந்தியிடம் காட்டு. இதை அடுப்பில் போட்டுவிடு.

சுந்தா


மைசூர்
24-9-1934

கொள்ளேகால் வக்கீல் ஸ்ரீகண்டன் அவர்களுக்கு,

டாக்டர் மேல் நான் தொடுக்கும் வழக்கு உங்களைக் கேட்காமல், உங்களுக்குத் தெரியாமல் நான் செய்தது. அதற்கும் உங்கள் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. இனிமேல் நமக்குள் கடிதப் போக்குவரத்து இருக்காது.

திரிபுரசுந்தரி