எல்லாக் கமராவிலும் தூசி

06.06.2005, திங்கள்

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்க வேண்டாம். அனிற்றா இப்போதுதான் கண்ணை மூடினாள். மேல் பல் வருகிறது. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து என் கைதான் சூடாகிவிட்டது. வெளியே சோளகக் காற்று. ஜன்னல் சீலை முழுக்க மண்.

எனக்காக எழுதுகிற கொப்பிதான் இது. ஆனாலும் நீங்கள் கட்டாரிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தே எழுதுகிறேன். இந்த வீட்டில் வேறு யாரோடு கதைப்பது?

உங்கள் கேள்வி: அப்பாவுக்கு எந்த டிஜிற்றல் கமரா? கூட வேலை செய்கிறவர் லீவில் வருகிறார், கொடுத்துவிடலாம், மூன்றில் ஒன்றைச் சொல்லு. மூன்றின் படமும் கிடைத்தது. மூன்றும் சவர்க்காரக் கட்டி.

உங்கள் அப்பா, என் மாமா, சொன்ன ஒழுங்கில் அவருடைய தேவைகள்:
– பாரம் இருக்கக்கூடாது. பழையதைக் கழுத்தில் போட்டால் பின்னேரம் பிடரி இழுக்கிறது.
– கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்க வேண்டும்.
– உள்ளே தூசி இருக்கக்கூடாது. பழையதில் கண் வைக்கிற துளைக்குள் கறுப்புக் கறுப்பாகத் தூசியாம். எவ்வளவு துடைத்தும் போகவில்லையாம்.
– சனத்துக்குப் பார்க்கக் கமரா மாதிரி இருக்க வேண்டும்.

நாலாவதுதான் உண்மையில் முதலாவது. அறுபத்தெட்டு வயதிலும், ஊர்க் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் படம் எடுக்க அந்தக் கறுப்புப் பையைத் தோளில் போட்டால் நடையே வேறு. உங்களுக்குத் தெரியாததா.

ஜெறோமும் சாப்பிட வந்திருந்தார். மாமியின் தமையன் மகன் கனடாவிலிருந்து வந்தால் கோழி அடித்தே ஆக வேண்டும். கோழியைத் தின்றுகொண்டு புத்தி சொன்னார்.

"மாமா, இப்ப ஒருத்தரும் கண் வைச்சுப் பாக்கிறேல்லை. கையை நீட்டிப் பிடிக்கிறது, திரையில பாக்கிறது. சிம்பிள்."

"கையை நீட்டிப் பிடிக்க அது என்ன, மூத்திரம் பெய்த பிள்ளையே?"

இது நல்லாயிருந்தது. சிரிக்கவில்லை. சிரித்துக் காட்டினால் ஒரு கிழமைக்கு அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

நாளைக்கு: தரம் எட்டுக் கொப்பிகள் திருத்த. பிள்ளைக்கு நகம் வெட்ட.

08.06, புதன்

படிப்பிக்கப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். மாமாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன், கையில் எடுத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று. பிள்ளை மாமியிடம். பஸ் வெளிக்கிட்டதிலிருந்து ஒரே யோசனை. மாமி கிணற்றடிக்குப் போகும்போது பிள்ளையை எங்கே விடுவா? கேட்டால் "நாங்கள் பிள்ளை வளக்கேல்லையோ" என்பா.

கடைக்காரப் பெடியன் தலைக்கு எண்ணெய் மாதிரி எதையோ பூசியிருந்தான். மாமா முன்னால் நிற்கிறார், அவன் என்னிடம் கேட்கிறான்:

"அக்கா, ஐயாவுக்கு இதெல்லாம் பாவிக்க வருமோ?"

"தம்பி, உம்மட கொப்பற்ற கலியாணப் படம் நான்தான் எடுத்திருப்பன். ஆளைக் கேட்டுப் பாரும்."

பிறகு அவன் பிக்சல் கணக்கைத் தேவாரம் மாதிரிப் பாடினான். தனக்கே விளங்காததைப் பாடமாக்கி வைத்திருக்கிறான். எங்கள் தரம் எட்டுப் பிள்ளைகள் பரவாயில்லை.

திரைக் கமரா சரிவரவில்லை. திரையைப் பார்க்க மாமாவுக்குக் கீழ்க் கண்ணாடி வேண்டும், ஆளைப் பார்க்க மேல் கண்ணாடி. தலை கோழி தண்ணி குடிப்பது மாதிரி மேலும் கீழும் போனது. வாசலில் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தால் திரையில் அவருடைய முகம்தான் தெரிகிறது. பொத்தான்கள் நெல்லு அளவு. ஒன்றை அமத்தினால் மூன்று அமுங்குகிறது.

கண் வைத்துப் பார்க்கிறதாகக் கேட்டோம். பெடியன் ஒன்று எடுத்தான்.

"இதுக்குள்ள தூசி."

இன்னொன்று.

"இதிலயும் தூசி."

"ஐயா, உங்களுக்கு முன்னாலதானே பெட்டி உடைச்சனான்!"

"பெட்டியில பிழையில்லைத் தம்பி. உம்மட கடைதான் தூசி."

வெட்கமாகப் போய்விட்டது. திரும்பும் பஸ்ஸில் மண்கும்பான் தாண்டும்வரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். கிழவருக்குக் கமரா வேண்டாம், குறை சொல்ல ஒரு சாமான் வேண்டும். அதற்கு நான் ஒரு நாள் லீவு.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. முழங்காலில் மட்டும் மண். மாமியிடம் கேட்கவில்லை.

10.06, வெள்ளி

கரம்பொனில் செத்தவீடு. மாமாவின் தூரத்துச் சின்னம்மா. நாலு பிள்ளைகள் வெளிநாட்டில், வரவில்லை. ஆகவே படம் முக்கியம். சவப்பெட்டியடியில் இங்கே இருக்கிற மகன், பிறகு மருமக்கள், பேரப்பிள்ளைகள், அயல். யார் வந்தது, யார் வரவில்லை என்று அங்கே இருந்து எண்ணிப் பார்ப்பதற்கு. "இஞ்ச பாருங்கோ" என்றால் அழுகை நிற்கும், எடுத்து முடிய மறுபடி தொடங்கும்.

ஜெறோம் பெரிய மனது பண்ணித் தன் கமராவைக் கொடுத்தார், "பழகிப் பாருங்கோ மாமா" என்று. கொடுத்துவிட்டு, நகை இரவல் கொடுத்த பொம்பிளை மாதிரிப் பின்னாலேயே திரிந்தார்.

சின்னச் சாமான். ஒருவரும் வழி விடவில்லை. ஒரு ஆள் மாமாவின் தோளைத் தட்டிச் சொன்னது:

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. முதல் படக்காரர் வந்து எடுக்கட்டும்."

"நான்தான் படக்காரன்!"

சவத்துக்குப் பக்கத்தில் நின்று சனம் சிரித்தது. மாமாவின் காது சிவந்தது. அப்போது மட்டும் பாவமாயிருந்தது.

திருப்பிக் கொடுக்கும்போது, "உன்ர கனடாக் கமராவிலயும் தூசிதான்" என்றார். ஜெறோம் அதிலிருந்த சின்னத் துளையில் கண் வைத்துப் பார்த்து என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன். பெட்டியின் தலைமாட்டு மெழுகுதிரி துலக்கமாக நின்றது. தூசியாவது மண்ணாவது.

பின்னேரம் வீட்டில் செபமாலை. நாங்கள் மூன்று பேரும் பிள்ளையும்தான். நடுவில் மாமா திடீரென்று வலப்பக்கம் திரும்பி,

"ஆரது பிளாஷ் அடிச்சது?"

"செபத்துக்குள்ள என்ன பகிடி?" மாமி.

கமரா அலுமாரிக்குள். ஜெறோம் தன் தகப்பன் வீட்டில். எனக்கு மணி எண்ணுவது விட்டுப்போனது. பழையதில் தூசி, கடையில் இருந்த எல்லாவற்றிலும் தூசி, இன்றைக்கும் தூசி.

செபம் முடிய அவருடைய கண்ணாடியை வாங்கிக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன்.

"மாமா, அந்த வெள்ளைச் சுவரைப் பாருங்கோ. கமரா இல்லாமல்."

பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

"அதிலயும் இருக்குது, பிள்ளை."

இடக்கண்ணைப் பொத்தச் சொன்னேன். வலக்கண்ணில் கீழ்ப்பக்கம் கறுப்புச் சீலை மாதிரி ஒன்று மறைக்கிறதாம். வெளிச்சம் வெட்டுவது முந்தியே தொடங்கியதாம்.

"ஏன் சொல்லேல்லை?"

"எத்தினை வருசமாப் பிளாஷ் அடிக்கிறனான். அது கண்ணுக்குள்ள பதிஞ்சு கிடக்குது எண்டு நினைச்சன்."

இந்தக் கண்ணோடுதான் பின்னேரங்களில் பிள்ளையை வலக்கையில் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்குப் போய் வள்ளம் காட்டினவர்.

11.06, சனி

காலை இங்கே ஆசுப்பத்திரி. உடனே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். கண் டொக்டர் மருந்து விட்டுப் பார்த்தார். கண்ணுக்குள் பின்பக்கத்துப் படலம் கழன்று வருகிறது. நடுப்பகுதி இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதுவும் கழன்றால் பிறகு ஒப்பரேசன் செய்தாலும் பழைய பார்வை வராது. ஒப்பரேசன் கொழும்பில்தான். "இந்தக் கிழமைக்குள்ள" என்று இரண்டு தரம் சொன்னார். மாமா டொக்டரின் முகத்தைப் பார்க்கவேயில்லை, சுவரில் தொங்கிய கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மாநாடு.

மாமி: "கொழும்பில கொண்டுபோய்க் கண்ணைத் தோண்டிப் போடுவாங்கள். என்ர மனுசனைக் குருடன் எண்டு ஊருக்குச் சொல்லத்தான் நீ நிக்கிறாய்." மூன்று வீட்டுக்குக் கேட்கிற குரலில். ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஜெறோம்: "திரை பெரிசா ஒரு கமரா எடுத்தாச் சமாளிக்கலாம், அக்கா." இந்த மனிதனுக்கு எந்த நாடு விசா கொடுத்தது?

மாமா: "வாற சனிக்கிழமை ஒரு கலியாணம் ஒப்புக்கொண்டனான். இடக்கண் இருக்குத்தானே. மகன் அனுப்பிற கமரா வரட்டும், பிறகு போவம்."

"கமரா வர முதல் கண் போயிடும், மாமா."

"பொம்பிளையளின்ர பேச்சைக் கேட்டு நான் பஸ் ஏறமாட்டன். மகன் போ எண்டு சொல்லட்டும். அப்ப போறன்."

நான் படித்தேன், படிப்பிக்கிறேன், டொக்டர் சொன்னதை வரிக்கு வரி விளக்கினேன். மகனுடைய ஒரு சொல்லுக்கு முன்னால் இதெல்லாம் தூசி. சரி. வெட்கம் பார்க்க நேரமில்லை.

12.06, ஞாயிறு

பூசை முடிந்து கொமினிக்கேசன் கடையிலிருந்து நீங்கள் தங்கியிருக்கிற காம்புக்குக் கோல் எடுத்தேன். நீங்கள் பாலைவனத்து வேலைச் சைற்றில், நாளைக்கு வருவீர்களாம். போனை எடுத்தவர் என் பெயரைக்கூட ஒழுங்காக எழுதியிருக்க மாட்டார். அதனால் இன்றைய பக்கத்தை மட்டும் கிழித்துக் காலையில் கடை மெசினில் உங்கள் ஒபிசுக்குப் பக்ஸ் போடுகிறேன். தெளிவாக எழுதுகிறேன்:

அப்பாவின் வலக்கண் உள்ளே கழன்று வருகிறது. இந்தக் கிழமைக்குள் கொழும்பில் ஒப்பரேசன் செய்ய வேண்டும். பிந்தினால் பார்வை திரும்பாது. நீங்கள் சொன்னால் மட்டும் போவாராம். கலியாணத்தை வேறு படக்காரரிடம் கொடுக்க நான் கதைத்துவிட்டேன், அது அவருக்கு இன்னும் தெரியாது. கோபிப்பார், கோபிக்கட்டும். கொழும்புக்கு நானும் பிள்ளையும் கூடப் போகிறோம்.

மூன்று கமராவில் எது என்று இப்போது கேட்க வேண்டாம். எந்தக் கண்ணால் பார்க்கப்போகிறார் என்று தெரிந்த பிறகு அதைச் சொல்கிறேன்.

நாளை, திங்கள் பின்னேரம், அவரைக் கொமினிக்கேசன் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் வைத்திருப்பேன். கோல் எடுத்து அவரோடு நீங்களே கதையுங்கோ. சுகம் விசாரிக்க வேண்டாம், "போங்கோ அப்பா" என்று மட்டும் சொல்லுங்கோ. பக்ஸ் கிடைத்தவுடன் பதில் தாருங்கோ.