தீபாவளி மருந்துக்கு இங்கிலீஷ்

பிரிக்பீல்ட்ஸ்,
12.10.1985

(அக்கா, அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அம்மா சரி என்றார். – தங்கமணி)

அன்பு மகள் புஷ்பவல்லிக்கு அம்மா எழுதிக்கொள்வது, மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறோம், லண்டன் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், தாதி வேலைக்கு நின்று நின்று கால் வீங்குகிறதா. முதலில் ஒன்று, கன்னையா மாமா கொண்டுவரும் மைலோ டின்னில் இருப்பதை வாயில் வைக்காதே. அப்பா வேலை பார்க்கும் போதைப்பொருள் காட்சிக்கூடம் உனக்குத் தெரியும், கடத்தல்காரன் பெட்டி, குதிகாலில் பொடி ஒளித்த செருப்பு, கடைசி அறையில் தூக்குக்கயிறு. வருகிற தமிழ்ப் பிள்ளைகளிடம் "யார் எதைக் கொடுத்தாலும் உள்ள என்னன்னு பாக்காம தூக்காதீங்க" என்று சொல்வது உன் அப்பாதான். போன வாரம் உனக்குத் தீபாவளி லேகியம் கிண்டி உருட்டி டின்னில் போட்டு, கன்னையா மாமா வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று காட்சிக்கூடத்தில் அப்பா மேசையில் வைத்தேன். சுங்கத்தில் எதையும் மறைக்கக்கூடாதாம், டின்மேல் எழுத வேண்டுமாம். நாம் தீபாவளி மருந்து என்கிறோம், மருந்துக்கு இங்கிலீஷ் டிரக்ஸ் என்று அப்பா பெரிய எழுத்தில் எழுதிவிட்டார். (மெடிசின் என்று எழுதச் சொன்னேன். "பாரம் த்ரீ படிக்கிற பிள்ளை எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தரியா லா" என்றார். – த.)

அதே மேசையில் இன்னொரு மைலோ டின், அதில் அபின் என்று காட்டுவதற்காக மெழுகிலும் சப்பாத்து பாலிஷிலும் உருட்டிய உருண்டைகள். புதிதாக வந்த அதிகாரி டிரக்ஸ் என்று எழுதியிருந்த டின்னை எடுத்து, உருண்டைகளைக் கண்ணாடிப் பெட்டியில் பரப்பிப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோய்விட்டார். மீதி இருந்ததைத்தான் கன்னையா மாமாவிடம் "அண்ணே, தைரியமா தூக்கிட்டுப் போங்க" என்று கொடுத்தார் உன் அப்பா, டின்மேல் எழுத்து இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை, இரண்டு பேரும் திறந்தும் பார்க்கவில்லை. இன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன், கிள்ளானிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், ஒரு பெண் "அங்கிள், அபினை எறும்பு திங்குது" என்று கத்தினாள். "பாத்தியா, எறும்புகூட அடிமையாயிடுச்சு" என்று உன் அப்பா சமாளித்தார். நான் எட்டிப் பார்த்தால் நெய் மினுங்குகிறது, என் விரல் பதிந்த உருண்டை. ஐயோ இது என் லேகியங்க என்றேன். "சத்தம் போடாத சீதா, நீங்க பூட்டி வச்சது என் பெண்டாட்டி லேகியம்னு அந்த அதிகாரி என்சிக்கிட்ட போய்ச் சொன்னா என் வேலை என்னாகும்" என்று காதோடு சொன்னார்.

கன்னையா மாமா பர்மிங்ஹாமில் மகன் வீட்டுக்கு நல்லபடியாகச் சேர்ந்ததாக நேற்றே தந்தி வந்தது. சுங்கத்தில் யாரும் தடுக்கவில்லை போலிருக்கிறது. அவருக்கு உடனே பதில் தந்தி கொடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "டின், அபின்னு தந்தியில எழுதினா தந்தி ஆபீஸ்லேயே என்னைப் பிடிச்சுக்குவான், போன்லயும் பேசாத, கேட்டுக்கிட்டு இருப்பான்" என்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். மாமா தீபாவளிக்கு முதல் நாள்தான் உன்னிடம் வருவார், அதற்குள் இது வந்துவிட வேண்டும். நீ சொல் தட்டாத பிள்ளை, எவ்வளவு கசந்தாலும் அம்மா கொடுத்தது என்று விடியற்காலை வெறும் வயிற்றில் விழுங்கிவிடுவாய், அதுதான் எனக்குப் பயம். முகர்ந்து பார், சுக்கு வாசம் வந்தால் அம்மாவுடையது, சப்பாத்து வாசம் வந்தால் அரசாங்கத்துடையது. அரசாங்கச் சொத்து, பத்திரமாகத் திருப்பி அனுப்பு என்கிறார் அப்பா. அபின் மாதிரி உருண்டையை இந்த நாட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறார் பார், அதுவும் கன்னையா மாமா கையில்! நீ குப்பையில் போடு.

எண்ணெய் தேய்த்துக் குளி, வெந்நீர் குடி, ஆத்தா உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும். மறக்காதே, முகர்ந்து பார்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சீதாலெட்சுமி

(அப்பா மேசையில்தான் எழுதினோம். கையெழுத்துப் போட்ட பிறகு அம்மா கண்ணாடிப் பெட்டிக்கு அருகே போய், எறும்பு தின்றது போக எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா விளக்குகளை அணைத்துவிட்டார். – த.)