குழிக்குள் நீ சொன்ன நிறம்

மச்சான்,

இன்று காலை உன் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மூடி துருப்பிடித்து அடம்பிடித்தது. கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பினேன். கரண்டி வளைந்தது, மூடி வந்தது. உள்ளே பிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பிகள் நான்கு. ஒன்று முதல் நான்கு வரை பிளாஸ்திரி ஒட்டி எண் போட்டிருந்தாய். பக்கத்தில் நாலாய் மடித்து நூல் சுற்றிய காகிதம் ஒன்று. முதல் டப்பியை மூக்கருகே வைத்தேன். ஒரு வாசனையும் இல்லை. உள்ளங்கையில் கொட்டி இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்ட பிறகுதான் எழுந்தது. நம் ஊர் மண் வாசனை இல்லை அது. மழையில் நனைந்த வைக்கோல் வாசனை. பனி விழுகிற தேசத்து மண் ஈப்போவில் என் புந்தோங் வீட்டுச் சமையலறையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. உன் வீட்டுக்காரிதான் கனடாவிலிருந்து போன் செய்து சொன்னாள். "அண்ணே, அவரு கடைசி வரைக்கும் ஒங்க பதில கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றாள். நான் 'ம்' என்றேன். வேறு என்ன சொல்ல? டின் என் அலமாரியில் எண்பத்தேழிலிருந்து இருக்கிறது என்றா? என் மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் "சாப்டீங்களா" என்று கேட்பார்கள், சாப்பிட்டேன் என்பேன், அதோடு முடிந்தது. சண்டை போடவாவது ஒரு ஆள் வேண்டாமா? உனக்காவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் தாமதம். திட்டிக்கொள்.

நம் வேலையை நினைத்துப் பார்க்கிறேன். ஈப்போ ஆபீசில் நம் இருவருக்கும் ஒரே வேலை, ஒரே வயது, ஒரே லேண்ட்ரோவர். தோட்டம் தோட்டமாய்ப் போய்க் குழி வெட்டி, மண் அடுக்குகளைப் பார்த்து, இது என்ன மண், தண்ணீர் வடியுமா தேங்குமா, ரப்பர் தாங்குமா செம்பனை தாங்குமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவன் குழிக்குள், ஒருவன் மேலே. உள்ளே இருப்பவன் சொல்வான், மேலே இருப்பவன் எழுதுவான். உன்னை யாரும் மேலே நிற்க வைக்க முடியாது. "எறங்குனாதான்லா மண்ணு பேசும்" என்று சட்டையைக் கழற்றிப் பால்மரக் கிளையில் மாட்டிவிட்டு இறங்கிவிடுவாய். ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்து, முன்பல்லால் நறநறவென்று கடித்து, மணல் எவ்வளவு என்று சொல்வாய். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஈர மண்ணை நாடாவாக இழுத்து, அது எந்த நீளத்தில் அறுகிறதோ அதை வைத்துக் களிமண் எவ்வளவு என்பாய். ஆபீஸ் லேபில் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் நீ சொன்னதுதான் வரும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது. இப்போது சொன்னால் என்ன?

நிறத்துக்குத்தான் நமக்குக் கலர்ப் புத்தகம் இருந்தது. உனக்கு அது போதாது. பால் சேர்க்காத 'கோப்பி ஓ' ஒரு நிறம், பால் ஊற்றி இழுத்து ஆற்றிய 'தே தாரே' ஒரு நிறம், மலாக்கா வெல்லம் ஒரு நிறம் என்று கோப்பிக்கடையையே மண்ணுக்குள் இறக்கிவிட்டாய். "வெல்லக் கலர்னா நம்பு மச்சான், தண்ணி நிக்காது. சாம்பக் கலர்ல துருப்புள்ளி தெரிஞ்சா ஓடிடு, கீழ தண்ணி படுத்திருக்கு" என்பாய். நாம் படித்த அத்தனை பாடமும் அந்த இரண்டு வரியில் அடங்கிவிடும்.

இன்னொரு விதியும் இருந்தது. ரப்பர் நிழலில் நிறம் பார்க்கக் கூடாது. இலை வழியாய் இறங்கும் பச்சை வெளிச்சத்தில் நல்ல மண்ணும் சாம்பல் பூத்துத் தெரியும். அதனால் நீ உள்ளிருந்து கட்டியைப் பெயர்த்துக் கொடுப்பாய். நான் அதை மரங்களுக்கு வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய், உடைத்து, புத்தகத்தோடு ஒட்டிப் பார்த்து எழுதுவேன். கடைசியில் நீ ஏறி வந்து, சேற்றுக் கையோடு தாளில் கையெழுத்துப் போடுவாய். ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்ததில்லை. "நீ எழுதுனா போதும்லா."

எழுபத்தொன்பதில் சித்தியவான் போகிற பாதையில் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். அங்கேதான் என் அப்பாவும் அம்மாவும் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தார்கள். தோட்டம் கைமாறப் போகிறது. வீடு கட்டிக்கொள்ளத் தொழிலாளிகளுக்கு ஒரு நிலம் கொடுக்கிறோம், மேட்டு நிலமா ரோட்டோரத்துத் தட்டை நிலமா என்பதை மண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நிர்வாகம் கேட்டிருந்தது. அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அம்மாவுக்கு முட்டி சரியில்லப்பா. மேடு ஏற மாட்டா. கீழ கெடச்சா நல்லாருக்கும்."

அதை உன்னிடம் நான் சொல்லவில்லை.

தட்டை நிலத்தில் கடைசிக் குழி. மணி நாலு இருக்கும். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டடி ஆழத்திலிருந்து ஒரு கட்டியை நீட்டினாய். "சாம்பல் மச்சான். துருப்புள்ளி நெறய. இது தண்ணி மண்ணு." நான் கட்டியை வாங்கிக்கொண்டேன். வெட்டவெளி ஐம்பது எட்டு வைக்கிற தூரம்தான் இருக்கும். போகவில்லை. மரத்தடியிலேயே நின்றேன். இந்த நிழலில் எல்லாமே சாம்பலாய்த்தானே தெரியும், இவன் கண் ஏமாந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் தூறல் தாளில் விழுந்தது. மஞ்சள் பழுப்பு என்று எழுதினேன். புள்ளி இல்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே, வெல் டிரெயின்ட். நல்ல வடிகால். நீ ஏறி வந்து கையெழுத்துப் போட்டாய்.

பொய் எழுதினேனா, தவறாக எழுதினேனா என்று இத்தனை வருடமும் எனக்குள் வழக்காடிப் பார்த்தேன். பாதி நிழல், பாதி அம்மாவின் முட்டி. ஆனால் ஐம்பது எட்டு நடக்காதது முழுக்க நான்தான்.

தட்டை நிலத்திலேயே வீடுகள் எழுந்தன. எண்பத்தொன்றாம் வருடக் கடைசி மழையில் தண்ணீர் வானத்திலிருந்து மட்டும் வரவில்லை, தரைக்குள்ளிருந்தும் வந்தது. சிமெண்டுத் தரை வியர்த்தது. கக்கூஸ் நிரம்பி எதிர்த்து மேலே வந்தது. அம்மா கட்டிலில் கால் தூக்கி உட்கார்ந்தபடி சோற்றுக்கு அரிசி களைந்தாள். ஆபீசுக்குப் புகார் வந்தது. அதிகாரி நம் தாளை எடுத்து மேசையில் வைத்தார். குழியில் யார் என்று கேட்டார். நீ தாளில் நான் எழுதியிருந்ததைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "நான்தான் சார் குழியில. என் கண்ணு தப்பிடுச்சி போல" என்றாய்.

வெளியே வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாய். "மச்சான், வெயில்ல கொண்டுபோயிப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

நீ தலையாட்டினாய். இரண்டு வருடத்தில் எத்தனையோ குழி, அன்றைக்குச் சாம்பல் என்று சொன்னது உனக்கு நினைவில் இல்லை, என்னை நம்பிவிட்டாய். மடையா, ஏன்டா நம்பினாய்? சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டிருந்தால் அன்றைக்கே கக்கியிருப்பேன். நீ உன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நடந்தாய். அதற்குப் பிறகு நீ குழிக்குள் இறங்கவில்லை. "நீ எறங்கு மச்சான், எனக்குக் கண்ணு சரியில்ல" என்று மேலே நின்று எழுத ஆரம்பித்தாய். மண்ணை நாக்கில் வைப்பதையும் விட்டுவிட்டாய்.

அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும். கோயிலில் ஜெபம் முடிந்த கையோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அங்கே போய், வீடுகளுக்குப் பின்னால் தனியாளாய்க் கால்வாய் வெட்டினாய். யாரும் உதவிக்கு வரவில்லை. "தப்பா எழுதிட்டு இப்ப லோங்காங் வெட்ட வந்துட்டான்" என்று காதுபடப் பேசினார்களாம். அப்பா வந்து சொன்னார், சிரித்துக்கொண்டு. நான் புந்தோங்கில் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்து நாலில் உன் வீட்டுக்காரிக்குக் கனடாவில் நர்ஸ் வேலை கிடைத்து நீயும் கிளம்பினாய். ஈப்போ பஸ் ஸ்டேஷனில் உன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் புகையை விட்டுக்கொண்டு நின்றது, நீ கையை நீட்டினாய், "வாரேன் மச்சான்" என்றாய். நான் பத்திரம் என்றேன்.

மூன்று வருடம் கழித்து உன் மச்சினி அங்கிருந்து வந்தபோது இந்த டின்னைக் கொண்டுவந்தாள். கூட ஒரு கடிதம். அதை அப்போதே படித்தேன். இப்போதும் மனப்பாடம். "மச்சான், வீட்டுக்குப் பின்னால குழி வெட்டிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்பறம் எறங்குனேன். இந்த ஊரு மண்ண ஐஸ் கொண்டாந்து போட்டிச்சாம்லா, மலை மாதிரி ஐஸ், எப்பவோ அரைச்சிக்கிட்டே ஊந்து வந்திச்சாம். நாலு அடுக்கு, நாலு டப்பி. என் கணக்க தனியா மடிச்சி வச்சிருக்கேன். அதப் பிரிக்காத. மொதல்ல நீ பாத்து எழுது. அப்பறம் பிரிச்சி ஒத்துப் பாரு. என் கண்ணு இன்னும் தேறுமா தேறாதான்னு நீதான் சொல்லணும்."

உனக்கு நான் என்ன பதில் எழுதுவேன்? உன் கண் சரி என்று எழுதினால், அன்றைக்கு மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்பாய். அதனால் டின்னை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். முதலில் ஒரு வாரம். பிறகு அது அங்கேயே இருந்துவிட்டது.

இன்று எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். நாலு டப்பியையும் தட்டில் கொட்டி, வாசலுக்கு வந்து, நல்ல வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி "என்ன அங்கிள், செடி வைக்கிறீங்களா?" என்றான். ஆமாம் என்றேன்.

முதல் அடுக்கு அசல் கோப்பி ஓ. கறுப்பு. பொலபொலவென்று ரொட்டித் துணுக்காய் உதிர்கிறது, புல்வேர் நூல்நூலாய் இன்னும் இருக்கிறது. நம் சிவப்பு மண்ணில் நாலு விரல் ஆழம்கூடக் கிடைக்காத கறுப்பு, அங்கே ஒரு முழம் இருக்கும் போலிருக்கிறது. இரண்டாவது தே தாரே. மூன்றாவது மஞ்சள் கலந்த பழுப்பு, வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்புப் பொடி. சமையலறை வினிகரை ஒரு சொட்டு விட்டேன், நுரைத்தது. ஈப்போ சுண்ணாம்பு மலைக் கல்லில் திராவகம் விட்டு நுரைக்க வைத்துச் சிரிப்போமே, அந்தச் சத்தம். நாலாவதில் இறுகிய களியும் கூழாங்கல்லும். ஒரு கல் கறுப்பு, ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று வெள்ளை, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத கற்கள். ஐஸ் வழியில் கண்டதையெல்லாம் அள்ளி வந்திருக்கிறது. நாக்கில் வைத்தேன், நறநறத்தது. நாலு அடுக்கிலும் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு துருப்புள்ளிகூட இல்லை.

எழுதி முடித்துவிட்டு உன் காகிதத்தின் நூலைப் பிரித்தேன். ஒத்துப் பார்த்தேன். நிறம், களி, சுண்ணாம்பு, கல், வடிகால், எல்லாம் ஒன்று. மூன்றாவது அடுக்கில் மட்டும் நான் மணல் கொஞ்சம் அதிகம் என்று எழுதியிருந்தேன். திரும்பக் கடித்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி.

வாசலில் உட்கார்ந்து அழுதேன் மச்சான். கிழவன் மண்ணைத் தின்றுவிட்டு அழுகிறான் என்று தெருவே நினைத்திருக்கும்.

மத்தியானம் பஸ் பிடித்து அந்த இடத்துக்குப் போனேன். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்பா அம்மா காலத்து ஆள் என்று அத்தை ஒருத்திதான் மிச்சம், கடைசி வீட்டில். நீ வெட்டிய கால்வாய் அவள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் ஓடுகிறது. அவளிடம் சொன்னேன். அந்தத் தாளில் தப்பாய் எழுதியது அவன் இல்லை அத்தை, நான் என்று.

அவளுக்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் தரம் சொன்னேன். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள்.

"அப்ப அந்த தம்பி வெட்ட வந்திச்சே... வெயில்ல நின்னுச்சே..." கையை உதறினாள். "குடிக்கத் தண்ணி கேட்டிச்சிடா. நான் கதவ சாத்திட்டேனேடா."

என்னை அவள் திட்டவில்லை. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, எனக்குக் கொடுக்காமல், பின்கதவு வழியாய்ப் போய்க் கால்வாய் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

உன் வீட்டுக்காரியிடம் நாளைக்குப் போன் செய்து எல்லாம் சொல்லப் போகிறேன். உன்னை அந்தக் கனடா மண்ணில்தான் வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கே சொன்னாள். அந்த மட்டில் நிம்மதி. அங்கே தண்ணீர் நிற்காது.

திரும்பும்போது உன் கால்வாய்க் கரையிலிருந்து, இரண்டடிக்குக் கீழே கையை விட்டு, ஒரு கட்டி பெயர்த்து வந்தேன். மரமெல்லாம் எப்போதோ வெட்டிவிட்டார்கள், நிழல் இல்லை. ஆனாலும் ஐம்பது எட்டு நடந்து ரோட்டுக்கு வந்து, வெயிலில் உடைத்துப் பார்த்தேன். இப்போது மேசையில் உன் நாலு டப்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சாம்பல்தான் மச்சான். துருப்புள்ளி நிறைய.