அட்டைப்பெட்டி டெஸ்க்டாப்பும் செஸ் போர்டு லேப்டாப்பும்

அன்புள்ள சுண்டெலிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், உன் அப்பா நலம், பூனை எங்கள் இரண்டு பேரையும்விட நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போய் வருகிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்த்துப் பேசினோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் அப்பா பக்கத்தில் இருந்தால் எனக்குப் பாதிக் கதைதான் வாயில் வரும், மீதியை அவர் தப்புத் தப்பாகச் சொல்லி முடித்துவிடுவார். ஆனால் நடந்ததை நடந்தபடி நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஆரம்பித்து வைத்தவளே நீதான். "லேப்டாப்பா டெஸ்க்டாப்பான்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க, வீட்டுக்குத்தானே, எதுன்னாலும் சரி" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போனை வைத்துவிட்டாய். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணிய விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. ஒன்று நான் முடிவு பண்ணியிருப்பேன், இல்லையென்றால் அது தானாக முடிந்திருக்கும்.

நீ போனை வைத்த மறு நிமிஷமே உன் அப்பா டெஸ்க்டாப் என்றார், நான் லேப்டாப் என்றேன். "கம்ப்யூட்டர்னா ஒரு எடத்துல இருக்கணும், அங்கயும் இங்கயும் நடமாடுற கம்ப்யூட்டர நம்ப முடியாது" என்றார் அவர். "ஒரே எடத்துல அசையாம உக்காந்திருக்க இந்த வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார், இன்னொண்ணு வேண்டாம்" என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், பேச்சு நின்றுபோயிற்று. ஒன்றரை நாள் எல்லாமே பூனை வழியாகத்தான் நடந்தது. "டீ ஆறிப்போச்சுன்னு போய்ச் சொல்லு" என்று அவர் பூனையிடம் சொல்வார், "ஆறினா எடுத்துக் குடிக்கச் சொல்லு" என்று நான் பூனையிடம் சொல்வேன். அது இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டது. அதைத் தேடிக்கொண்டு போன இடத்தில்தான் மாடி வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் நியாயம் கேட்டோம். அவரிடம் எதைக் கேட்டாலும் "அது உங்க தேவையைப் பொறுத்தது" என்பார், இருமல் மருந்து கேட்டால்கூட அப்படித்தான் சொல்வார், உனக்குத்தான் தெரியுமே. இதற்கும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு, கதவைச் சாத்தும்போது, "எதுவுமே ஒரு வாரம் பொழங்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தார். தொல்லை விட்டால் போதும் என்று சொன்னாரோ என்னவோ, நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம். ஒரு வாரம் பழகிப் பார்த்துவிடுவது என்று படி இறங்குவதற்குள் தீர்மானமாகிவிட்டது. பழகிப் பார்க்கக் கம்ப்யூட்டர்தான் இல்லை, அதனால் செய்துகொண்டோம்.

உன் அப்பா, மேஜை விசிறி வந்த அட்டைப்பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கி, ஒரு பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டி, அதில் கறுப்பு மையால் கட்டங்களும் பொத்தான்களும் வரைந்து, ஜன்னலோர மேஜைமேல் தூக்கி வைத்தார். பின்பக்கத்திலிருந்து துணிக்கொடிக் கயிறு ஒன்றை இழுத்து நிஜமாகவே பிளக் வரைக்கும் கொண்டுபோய்ச் சுற்றினார். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டால், "செய்யிறதச் சரியாச் செய்யணும்" என்கிறார். அப்புறம் கைவைத்த நாற்காலியை இழுத்துப்போட்டு, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி உட்கார்ந்தார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய உடம்பு, அதற்கு வேறு மாதிரி உட்காரத் தெரியாது. நான் பின்னால் துடைப்பத்தோடு போனால் தலையைத் திருப்பாமல் ஜன்னல் கண்ணாடியில் பார்த்து, "வலது பக்கமா வா" என்றார். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், காலியான பெட்டிக்கு முன்னால் ஒரு மனிதர் அப்படி முகமலர்ச்சியோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததே இல்லை.

என் லேப்டாப் உன்னுடைய பழைய செஸ் போர்டு. மடிக்கலாம், திறக்கலாம், அசல் லேப்டாப் மாதிரியே. ஒப்பந்தம் என்னவென்றால் எங்கே போனாலும் அதைக் கூடவே கொண்டுபோக வேண்டும், எங்கே நேரம் கிடைக்கிறதோ அங்கே மடியில் வைத்துத் திறக்க வேண்டும். அடுப்பு ஓரத்தில் திறந்தேன், வாளி நிரம்பும்வரை குழாயடியில் திறந்தேன், வெயிலுக்கு மாடிப்படியில் உட்கார்ந்து திறந்தேன். இரண்டு நாள் ராணி மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் கடைவாய்ப் பல்லைக் காட்டப் பல் டாக்டரிடம் போனவள், அவர் மரத்துப்போக ஊசி போட்டதில் எல்லாவற்றையும் மறந்து, லேப்டாப்பை அங்கேயே வரவேற்பறை நாற்காலியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அப்பா கேட்ட முதல் கேள்வி, "லேப்டாப் எங்க?" ஓடினேன். அங்கே கன்னம் வீங்கிய ஒருவரும் தாடையில் துணி கட்டிய ஒருவரும் அதை நடுவில் வைத்துப் பாட்டில் மூடிகளை அடுக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். "இது என்னோட லேப்டாப்" என்று ஊசி போட்ட வாயோடு குழறிக்குழறிச் சொன்னேன். என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். வீங்கின கன்னக்காரர், "இன்னும் நாலு காய்தாம்மா, உக்காருங்க" என்றார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். நான் வந்து சொன்னதைக் கேட்டு உன் அப்பா சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடிற்று.

ஆனால் அவருக்கும் வந்தது. மறுநாள் மருந்துக்கடைக்காரர் எங்கள் சோதனை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார். உன் அப்பா அவரை உட்காரவைத்து, டெஸ்க்டாப்பின் அருமை பெருமைகளை எடுத்துவிட்டார். உறுதியானது, கை தவறிக் கீழே விழாது, திருட்டுப் போகாது, கோளாறு வந்தால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அழுதது. மெல்லிய குரலில், நீளமாக. மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். உன் அப்பா முகம் வெளிறிப்போய் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அப்போது திரையைக் கிழித்துக்கொண்டு ஒரு கால் வந்தது, அப்புறம் இன்னொரு கால், அப்புறம் மீசை. காலையிலேயே பூனை பின்பக்கமாக நுழைந்து தூங்கியிருக்கிறது. "பாகத்த மாத்திக்கலாம்னு சொன்னீங்களே" என்று நான் மெதுவாகத்தான் கேட்டேன். அதற்குப் போய் மறுபடி அரை நாள் பேச்சு கிடையாது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஐந்தாம் நாள் சாயங்காலம் நடந்ததை மட்டும் அப்படி எழுத வரவில்லை. விளக்குப் போடுகிற நேரத்தில் கரண்ட் போயிற்று. நான் விடுவேனா, செஸ் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எனக்கு பேட்டரி இருக்கு, நான் வேலை பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், உங்களுது அணைஞ்சிருக்குமே" என்றேன். "அணைஞ்சிடுச்சு" என்று ஒப்புக்கொண்டார், அதில் நேர்மையான மனிதர்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. கிழிந்த அட்டைப்பெட்டிக்கு முன்னால் அரை இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. "அதான் அணைஞ்சிடுச்சே, எந்திரிச்சு வாங்களேன்" என்றேன். அப்போது சொன்னார், "வேலைய விட்டு வந்ததுலேர்ந்து இந்த வீட்ல நான் எங்க உக்காந்தாலும் யாராவது எந்திரின்னு சொல்றீங்க. கூட்டணும், துடைக்கணும், துணி மடிக்கணும், பூனை தூங்கணும். இந்த அஞ்சு நாளாத்தான் யாரும் சொல்லல. இப்ப நீ சொல்லிட்ட."

யோசித்துப் பார்த்தால் சொன்னதுதான், ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது சொல்லியிருப்பேன். முப்பத்தொரு வருஷம் தனக்கென்று ஒரு சீட்டு, அதில் வேறு யாரும் உட்கார முடியாது. அந்த மனிதர் இப்போது வீட்டில் ஓரம் ஓரமாக நின்றுகொண்டிருக்கிறார். அது இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. நான் பக்கத்தில் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். என் பங்குக்கு நானும் சொன்னேன். ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் இருபத்தெட்டு வருஷம், காதில் மாட்டிய ஒயர் நாலடி நீளம், தண்ணீர்ப் பானை ஐந்தடி தள்ளி. தாகம் எடுத்தால் பக்கத்து சீட்டுக்காரி எடுத்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாட்டு நேரம்வரை பொறுக்க வேண்டும். "இனிமே சுவத்தோட என்னைக் கட்டிப்போடற எதுவும் வேண்டாம்னு பாக்கறேன், வேற ஒண்ணுமில்ல" என்றேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தப் பானைய ஓரடி கிட்டத் தள்ளி வச்சிருக்கலாமே" என்றார். கண்ணில் தண்ணீரோடு சிரித்தேன். இருபத்தெட்டு வருஷமாக எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை பார்.

மறுநாளே கடைக்குப் போனோம். விற்கிற பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்டதும், "லேப்டாப் காட்டும்மா" என்று உன் அப்பாவும் "டெஸ்க்டாப் காட்டும்மா" என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். அப்புறம் அங்கேயே ஆரம்பித்தது சண்டை. முதல் சண்டையைவிட இது மோசம். நீ ஆசைப்பட்டதையே வாங்கு என்று அவர் கத்துகிறார், நீங்க ஆசைப்பட்டதுதான் வீட்டுக்கு வரணும் என்று நான் கத்துகிறேன், வந்தவர்களெல்லாம் சாமானை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கிறார்கள். அந்தப் பெண் குழம்பிப்போய், "சார், போன வாரம் தனியா வந்தப்ப டெஸ்க்டாப்தானே கேட்டீங்க?" என்றாள். நான் அவரை முறைத்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "நீங்களுந்தாம்மா, அன்னிக்கு மத்தியானம் வந்து லேப்டாப் கேட்டீங்க" என்றாள். எங்கள் வண்டவாளம் அங்கே தண்டவாளம் ஏறிவிட்டது.

கெட்டிக்காரப் பெண், நல்லா இருக்கட்டும். எங்களை உட்காரவைத்து ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, எதற்கு எது வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு கீபோர்டும் மவுஸும் எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். தடவிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். "இதுக்கு ஒயர் எங்கம்மா?" என்றேன். "ஒயரே கிடையாதும்மா, ரூமுக்குள்ள எங்க வேணா உக்காந்துக்கலாம்" என்றாள். மூன்று தடவை திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டேன். வேறு யோசனையே இல்லை, பெரிய திரை வைத்த டெஸ்க்டாப், ஒயர் இல்லாத கீபோர்டு, உன்னைப் பார்த்துப் பேச மேலே மாட்டுகிற சின்னக் கேமரா, எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது உன் அப்பா அவருடைய சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், நான் சமையலறை வாசற்படியில் மடியில் கீபோர்டும் மவுஸுமாக உட்கார்ந்திருக்கிறேன். "இடது பக்கம் போ, நிறுத்து, கொஞ்சம் பின்னால வா" என்று அவர் வழி சொல்வார், நான் ஓட்டுவேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டியில் அவர் பயணி. முதல் நாள் நான் உள்ளேயிருப்பதை மறந்து, திரையில் அம்பு தானாக நகர்கிறதென்று மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட மாடிக்கே ஓடிவிட்டார்.

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம், நிதானமாகப் படி. இத்தனை நாள் போனில் உன் மூக்கும் ஒரு கண்ணும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நான் கை தவறி எதையோ அமுக்கினேன், படம் திரை முழுக்க விரிந்தது. உன் அறை மொத்தமும் தெரிந்தது கண்ணு. கதவோரம் உன் செருப்பு வழக்கம்போல ஒன்று கிழக்கேயும் ஒன்று மேற்கேயும் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பெரிய கறுப்பு ஷூ, ஜோடி சேர்த்து, கயிற்றை உள்ளே மடித்து வைத்தபடி. உள்ளே ஏதோ கரண்டி விழுந்த சத்தத்தைக் கேட்டேன், நீ காற்று என்றாய். காற்று கரண்டியைத் தள்ளும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தள்ளிவிட்டு "ஸாரி" என்று சொல்லாது. எனக்குக் கோபம் துளிகூட இல்லை. ஷூவை அவ்வளவு ஒழுங்காகக் கழற்றி வைக்கிற ஆள் என்றால் எனக்குப் பாதிக் கவலை விட்டது, மீதிக் கவலையை நேரில் பார்த்துத் தீர்த்துக்கொள்கிறேன். நல்லவேளை, உன் அப்பா எதையும் கவனிக்கவில்லை, அவர் கேமரா நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்குவமாக நான் சொல்லிக்கொள்கிறேன், நீயாக உளறி வைக்காதே. பெரிய திரைதான், இரண்டு முகம் தாராளமாக அடங்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளிக் காலுறை இல்லாமல் படி இறங்காதே. எங்கே இருந்தாலும் மனம் நிறைந்து, வயிறு நிறைந்து, யாருக்கும் பயப்படாமல் நீ நூறு வருஷம் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிட மறந்துவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி அம்மா என்னிடம்தான் கொடுத்தாள். பசை சரியாக ஒட்டவில்லை, படித்துவிட்டேன். ஷூவை நான்தான் முதலில் பார்த்தேன். பத்து சைஸ் இருக்கும். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம், பக்குவமாகச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கொஞ்சம் ஓரமாக நகர்ந்து உட்கார். மறைக்கிறாய்.

அப்பா