விதியில் எழுதாதது தடை

ஆகஸ்ட் 4, திங்கள்
அக்கா வீட்டுக்காரர் கிட்டுசாமி மச்சானின் பனியன் கம்பெனிக் கம்ப்யூட்டரில் போன வாரம் வைரஸ். லேபிள் அடிக்கிற புரோகிராம் வழியாக நுழைந்து ஆர்டர் ஃபைல்களையெல்லாம் தின்றுவிட்டது. அக்கா மகள் தேஜஸ்ரீ இன்று லினக்ஸ் என்று வேறொரு சிஸ்டம் போட்டு, ஒவ்வொரு புரோகிராமுக்கும் வேலி கட்டினாள்.
“இனி லேபிள் புரோகிராம் லேபிள் ஃபோல்டரைத் தவிர எதையும் தொடாதுங்க மாமா. விதியில எழுதாதது எல்லாமே தடை. அப்பாவே சொன்னாலும் மசியாது.”
பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

ஆகஸ்ட் 5
கம்ப்யூட்டருக்கே இவ்வளவு ஒழுக்கம் என்றால் ஆட்களுக்கு? மச்சானிடம் யோசனை சொன்னேன்.
“வெள்ளிக்கிழமை கன்டெய்னர் போயாகோணும் மாப்ள. கெடுத்தீன்னா நம்ம பொங்கலூர்க் கோழிப்பண்ணைக்கு வேலைக்கு நட.”
சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7
விதி எழுதி கேட்டில் ஒட்டிவிட்டேன். கட்டிங் ஆள் கட்டிங் ஹாலில், டெய்லர் மெஷினில், பேக்கிங் ஆள் பேக்கிங் ரூமில். எழுதாதது தடை. ஓனர் சொன்னாலும் மீறக்கூடாது. ஒன்பதாவதோடு நின்றது நல்லதாயிற்று. மேலே படித்திருந்தால் இந்த மூளை வந்திருக்காது.

ஆகஸ்ட் 8, வெள்ளி
கேட்டில் வாட்ச்மேன் கருப்புசாமி மறித்தான்.
“உங்க பேரு எழுதலீங்களே.”
“எழுதுனவனே நாந்தான்டா!”
“எழுதுனவரு உள்ள வரலாம்னும் எழுதலீங்க.”
பாழாப்போனவன் — சரியாத்தான சொல்றான்?
கம்பி வழியே பார்த்தேன். பேக்கிங் ரூம் படியில் பெட்டி மலை. ரூமுக்கும் லாரிக்கும் நடுவிலுள்ள வராண்டாவை நான் யாருக்கும் எழுதவில்லை. லோடு ஏற்றுகிற வடநாட்டுப் பையன் ராபின் தலையில் பெட்டியோடு படியிலேயே நின்றான். “வராண்டா நஹி, அண்ணா!” என்று ஒரே சிரிப்பு.
மச்சானையும் கருப்புசாமி உள்ளே விடவில்லை. வெள்ளை வேட்டியோடு காம்பவுண்ட் ஏறிக் குதித்தார். தோள் கொடுத்தது நான். அதை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். குதித்ததும் விதித்தாளைக் கிழித்தெறிந்தார்.
கருப்புசாமி யோசித்தான். “தாளே இல்லீன்னா யாரு பேரும் இல்லீங்க. அப்ப எல்லாருக்குமே தடைங்க.”
கடைசியில் தேஜஸ்ரீ ஸ்கூட்டியில் வந்து, ‘எல்லோரும் எங்கேயும் போகலாம்’ என்று எழுதி ஒட்டினாள். இருட்டுகிற நேரம் கன்டெய்னர் கிளம்பியது.
“மொதல்ல யாரையும் தடுக்காம, யாரு எங்க போறாங்கன்னு குறிச்சு மட்டும் பாக்கோணுங்க மாமா. அப்புறந்தான் பூட்டோணும்.”
இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?

ஆகஸ்ட் 11, திங்கள்
அக்கா அழுது, என்னைக் கோழிப்பண்ணைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். தேஜஸ்ரீ எனக்கென்றே ஒரு விதி எழுதி, லேமினேட் செய்து ரிசப்ஷனில் மாட்டியிருக்கிறாள்: ‘மகுடேஸ்வரன் மாமா: சோபாவில் உட்காரலாம். பேப்பர் படிக்கலாம். டீ குடிக்கலாம்.’
கம்பெனி முழுவதற்கும் சேர்த்து ஒரு தாள். எனக்கு மட்டும் தனித்தாள். மரியாதை என்றால் இது.
டைரி எழுதுவது பற்றி அதில் ஒன்றும் காணோம். கருப்புசாமி இந்தப் பக்கம்தான் பார்க்கிறான்.