துப்பாக்கிக் குண்டுக்கு நீங்கள் போட்ட ஒற்று

அக்கா,

போன மாதக் கடைசியில் உங்கள் மகள் பள்ளிக்கு வந்திருந்தாள். கூடுவாஞ்சேரி வீட்டைக் காலி செய்கிறாளாம். "அம்மா பீரோல இருந்துச்சு ஆன்ட்டி, உங்க கையெழுத்து மாதிரி தெரிஞ்சுது" என்று ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்துவிட்டுப் போனாள். பிரித்ததும் அந்துருண்டை வாசனை. உள்ளே நான் எழுதிய நாடகம். ஆறு வருடங்களுக்கு முன் ஸ்டாஃப் ரூமிலிருந்து காணாமல் போன பிரதி.

நான்கு பக்கமும் உங்கள் சிவப்பு மை. 'என்றுக் கூறி' என்பதில் மிகையாக இருந்த 'க்'கை அடித்திருந்தீர்கள். 'துப்பாக்கி குண்டு' என்று நான் எழுதியிருந்த இடத்தில் நடுவே ஒரு 'க்' சேர்த்திருந்தீர்கள். ஒற்றுப் பிழைகளைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. அந்தக் குண்டு உங்கள் கணவர்மீது பாயவே இல்லை. அது தெரிந்த நீங்கள் அதற்கு ஏன் ஒற்றுப் போட்டீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நீங்கள் தமிழ் மிஸ், நான் ஐந்தாம் வகுப்பு மிஸ். உங்கள் கணவர் ராணுவத்தில் இருந்து இறந்தவர் என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எப்படி என்று நீங்களும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. வருடா வருடம் வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தும் நாளில் உங்களை மேடைக்கு அழைத்துச் சால்வை போடுவார்கள். வாங்கி மடித்துக்கொண்டு இறங்கி வருவீர்கள். "இந்தச் சால்வைக்கெல்லாம் தனியா ஒரு பீரோ வாங்கணும்டி" என்று ஒருமுறை சொன்னீர்கள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அந்த வருடம் நாடகத்தில் வீரனுக்கு உங்கள் கணவரின் பெயரை வைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் நெகிழ்ந்துபோவீர்கள் என்று நினைத்தேன். மார்பில் குண்டு பாய்ந்து, கொடியைப் பிடித்தபடி அவர் விழுவார். உங்கள் வேடம் போட்ட சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் மகளையும் ராணுவத்துக்கு அனுப்புவேன்" என்பாள். அரங்கம் முழுக்கக் கைதட்டல். நான் உங்களைத் தேடினேன். உங்கள் நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் காலை என் வகுப்புக்கு வந்து, பிள்ளைகளிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றீர்கள்.

"அவரு லாரி ஓட்டினாரு. மலைமேல இருக்கிற பட்டாளத்துக்கு முட்டைகோஸ், வெங்காயம் எல்லாம் கொண்டுபோவாரு. ஒரு வளைவுல வண்டி கவுந்துடுச்சு. யாரும் சுடல."

முன்பெஞ்சில் ஒருத்தி கேட்டாள். "அப்போ அவர் வீரர் இல்லையா மிஸ்?"

அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றீர்கள். "தெரியலம்மா. வண்டி நல்லா ஓட்டுவாரு."

பெற்றோர் சிலர் போன் செய்தார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. சின்னப் பிள்ளைகள் மனதில் குழப்பம் வரக் கூடாது, நானே சரிசெய்துவிட வேண்டும் என்றார். நான் வகுப்புக்குப் போய், தமிழ் மிஸ் துக்கத்தில் ஏதோ சொல்லிவிட்டார், நாடகத்தில் வந்ததுதான் நிஜம் என்றேன். உங்கள் கணவர் எப்படிச் செத்தார் என்பதை நான் முடிவு செய்தேன் அக்கா.

சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது, முகத்தைத் திருப்பாமலே சொன்னீர்கள். "பசங்க வந்து கேட்டாங்க. நீ சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"ரெண்டு மிஸ்ஸும் ரெண்டு விதமா சொன்னா, நாளைக்கு யாரு சொல்றத நம்புவாங்க?"

செங்கல்பட்டு வண்டி வந்தது. ஏறி, எனக்கும் சேர்த்து இடம் பிடித்தீர்கள். அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவே இல்லை. நாடகம் ஒவ்வொரு வருடமும் நடந்தது. நீங்கள் ஒவ்வொரு வருடமும் சால்வை வாங்கினீர்கள். என்னை மன்னித்துவிட்டீர்களா, கைவிட்டுவிட்டீர்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடம் இருந்தது. எட்டு மாதங்களுக்கு முன் நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏறினீர்கள். அதோடு முடிந்தது.

இந்த வருட ஒத்திகையில், அந்தச் சிவப்பு மை கண்ணிலேயே நிற்க, பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரியை, முட்டைகோஸை, நான் சொன்ன பொய்யை. சொன்ன பிறகுதான், இந்த முறையும் உங்களைக் கேட்காமலே செய்கிறேன் என்று உறைத்தது. பொய்யே இருக்கட்டும் என்று விட்டது நீங்கள் அல்லவா?

உங்கள் வேடம் போடும் தர்ஷினி எழுந்து நின்றாள். "அப்போ நான் அழணுமா வேணாமா மிஸ்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர்களே கூடிப் பேசினார்கள். அட்டைத் துப்பாக்கியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்து லாரி செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த லாரி மேடையில் கவிழ்ந்தபோது எங்கே கைதட்டுவது என்று யாருக்கும் விளங்கவில்லை. அதிகாரி வேடத்தில் ஒரு பையன் வந்து தர்ஷினியிடம் செய்தியைச் சொன்னான். 'அவரை நினைத்துப் பெருமைப்படுகிறேன்' என்பதுதான் இந்த லாரிக் காட்சிக்கு நான் புதிதாக எழுதிக்கொடுத்திருந்த வசனம். அவள் அதைச் சொல்லவில்லை. அழவும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அவர் காலைல சாப்ட்டாரா சார்?"

அதற்கு அவனிடம் வசனம் இல்லை. பக்கவாட்டில் நின்றிருந்த என்னைப் பார்த்தான். பிறகு தானாகவே, "தெரியல மேடம்" என்றான். மேடையில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார்கள். யாரும் அவர்களுக்குச் சைகை காட்டவில்லை.

திங்கட்கிழமை வந்து பார்க்கும்படி தாளாளர் சொல்லியிருக்கிறார். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. நான் செய்தது உங்களுக்கு மரியாதையா, இன்னொரு அத்துமீறலா என்பதும் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைத் தர்ஷினிக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை அக்கா. இருபத்திரண்டு வருடமாக நான் கற்றுக்கொடுத்ததெல்லாம் எப்படி நிமிர்ந்து நிற்பது, கையை எந்த அளவுக்கு உயர்த்துவது என்பதுதான். அவர் இறந்த செய்தியோடு உங்கள் வாசலில் வந்து நின்றவர்களிடம் அன்று நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் கேட்டதில்லை.