ஸ்டெல்லா எடுத்த வண்டி

என் அருமை தேவா,

உன் டீசல் டாக்சியை விற்றாயிற்று. கோபப்படாதே, முழுசாகக் கேள். எஃப்.சி. தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்கக் கொண்டுபோனோம், புகைச் சோதனையில் மாட்டிக்கொண்டது. விதிகள் வருஷத்துக்கு வருஷம் இறுகிக்கொண்டே போகின்றன. இனிமேல் இந்த இஞ்சின் தேறாது என்று மெக்கானிக்கே கையை விரித்துவிட்டார்.

அதற்குள் உன் பெண்டாட்டி ஸ்டெல்லா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "புது வண்டிக்கு டிரைவர் தேட வேணாம்ணா. நானே ஓட்டுறேன். பசங்க படிப்பு நடக்கணும்ல?" நீ உயிரோடு இருந்தபோதே லைசென்ஸ் எடுத்தவள்தான். ஆனாலும் நம் ஸ்டாண்டில் சிலர் சிரித்தார்கள். எனக்கும் பயம்தான். வண்டி சரியாக அமையாவிட்டால் அந்த வீடு என்ன ஆகும்?

ஷோரூமுக்கு நானும் கூடப் போனேன். டீசல்தான் என்று பிடிவாதம் பிடித்தேன். நாம் வேறு எதை ஓட்டியிருக்கிறோம்?

ஸ்டெல்லா கேட்டாள்: "இப்ப வர்ற டீசல்ல கரியைப் புடிக்க ஒரு ஃபில்டர் இருக்குதாமே. ஊருக்குள்ளயே சுத்தினா அடைச்சுக்காதா?"

"அப்பப்ப ஹைவேல கொஞ்ச தூரம் வேகமா ஓட்டணும் மேடம், அந்தச் சூட்டுல கரி எரிஞ்சுடும்" என்றார் விற்பனையாளர்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நம்ம சவாரி கல்யாணப் பட்டு எடுக்க வர்றவங்கண்ணா. கடை கடையா நிக்கணும். முகூர்த்தப் புடவை அமைஞ்சதும் காமாட்சியம்மன் காலடியில வச்சு எடுக்கணும்பாங்க. பெரியவங்க வண்டியிலயே உக்காந்துக்கினு இருப்பாங்க, ஏசியை நிறுத்த முடியாது. ஹைவேக்கு நான் எங்க போறது?"

அட, ஆமாம்! இத்தனை வருஷம் ஓட்டியும் எனக்கு இது உறைக்கவில்லை பார்.

மின்சார வண்டியும் பார்த்தோம். வாடகை வீட்டில் சார்ஜ் போட இடமில்லை. கடைசியில் சின்ன பெட்ரோல் வண்டி என்று முடிவானது. பெரிய டச் ஸ்கிரீன் வைத்த ஒன்றில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஏசி சுவிட்சைக் கையாலேயே தேடினாள், அகப்படவில்லை. "ரோட்டைப் பாக்கறதா, இந்த டிவியைப் பாக்கறதா?" என்று இறங்கிவிட்டாள். அடுத்ததில் எல்லாமே திருகுகிற குமிழ்கள். கை வைத்த இடத்தில் கிடைத்தன. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அதையே எடுத்தோம்.

நேற்று முதல் சவாரி. துணைக்கு இருக்கட்டும் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். மணப்பெண் வீட்டார் நாலு பேர் வந்து நின்றார்கள்.

"நீ எறங்குண்ணா. அவங்களுக்கு சீட் வேணும்."

இறங்கினேன். காந்தி ரோடு நெரிசலில் பதற்றமே இல்லாமல் வளைத்துக்கொண்டு போனாள். முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நீ பார்த்தாயா தேவா? சிரித்தவர்களில் ஒருவன், "இன்னாபா, உன்னையே எறக்கி விட்டுட்டாங்க!" என்றான். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், காவலுக்கென்று இனி அந்த வண்டியில் ஏற மாட்டேன். ஏறினால் வாடகை கொடுத்து, பின்சீட்டில்தான்.

உன் பிள்ளைகளின் மாமனாக, என்றும் உன் மச்சான்,
இஸ்மாயில்